நடைபாதை வணிகர்களுக்குக் கடன் கிடைக்கிறது, இடம் கிடைப்பதில்லை

சிட்னி மாநகரின் மேற்கே மெரிலேண்ட்ஸில் உள்ள ஓர் உணவகம் தனது வாசலுக்கு வெளியே நடைபாதையில் நான்கு மேசைகளைப் போட விரும்பினால், அதற்கு உள்ளூர் நகரசபையின் அனுமதியைப் பெறவேண்டும். விண்ணப்பம், இடத்தின் வரைபடம், காப்புறுதி என்று சில வாரங்கள் அலைய நேரிடலாம். ஆனால் அனுமதி கையில் வந்தபிறகு, அதன் நிபந்தனைகளை மீறாதவரை, மேசைகளை எவரும் வந்து தூக்கிச் செல்லப்போவதில்லை.

சென்னை தியாகராய நகரில் அதே அளவு நடைபாதையில் பல ஆண்டுகளாகத் துணி விற்கும் ஒருவருக்கு இந்த ஒரு நிச்சயம்தான் இல்லை. அவரிடம் வாக்காளர் அட்டை, ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, கைபேசியில் பணம் பெறும் வசதி எல்லாம் இருக்கக்கூடும். அரசுத் திட்டத்தின் கீழ் வங்கியில் கடனும் பெற்றிருக்கலாம். அவர் நிற்கும் ஆறடி இடத்தில் நாளையும் நிற்கலாம் என்று சொல்லும் தாள் மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.

வளரும் நாடுகளின் முறைசாராச் சிறுவணிகம் பற்றிய விவாதங்களில் முதலீட்டுப் பற்றாக்குறையே முதன்மைச் சிக்கலாகப் பல காலமாகப் பேசப்பட்டு வந்துள்ளது. கடந்த இருபது ஆண்டுகளில் அரசுகளும் நிதி நிறுவனங்களும் அந்தக் குறையைத் தீர்ப்பதாகச் சொல்லிக் கடனைக் கொண்டுவந்து சேர்த்தும் விட்டன. ஆனால் கடனைத் திருப்பிச் செலுத்தும் அளவுக்கு வணிகம் நிலைத்திருக்க வேண்டுமானால் இடமும் சந்தையும் சட்டப் பாதுகாப்பும் வேண்டும். அவை கடனோடு சேர்ந்து வரவில்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையின் வடக்கிலும் நடந்தவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த வரிசைப் பிழையின் விலை தெரியவரும்.

பழைய பெயர், பெரிய எண்ணிக்கை

முறைசாராத் துறை என்ற சொல்லாட்சியே அரை நூற்றாண்டுப் பழமையானது. கானா நாட்டின் அக்ரா நகரில் ஆய்வு நடத்திய மானிடவியலாளர் கீத் ஹார்ட் 1971ஆம் ஆண்டு அதைப் பயன்படுத்தினார். மறு ஆண்டு கென்யா குறித்த தனது அறிக்கையில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அதை எடுத்தாண்டது. நகரங்கள் வளரும்போது இந்தத் துறை தானாகவே கரைந்துவிடும் என்று அப்போது பலர் எதிர்பார்த்தனர். அது கரையவில்லை. உலகில் வேலை செய்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், அதாவது சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வகையில் பிழைக்கிறார்கள் என்று அதே அமைப்பு 2018இல் கணக்கிட்டது.

பெரு நாட்டுப் பொருளியல் அறிஞர் எர்னாந்தோ தெ சோத்தோ, லீமா நகரில் ஒரு சிறு தையற்கூடத்தைச் சட்டப்படி பதிவு செய்ய எத்தனை நாள் ஆகும் என்று தனது குழுவினரைக் கொண்டு சோதித்துப் பார்த்தார். விடை 289 நாட்கள். நடைமுறைகளை எளிமையாக்கினால் ஏழைகள் முறைசார்ந்த பொருளாதாரத்துக்கு வந்துவிடுவார்கள் என்ற கருத்து இதன்பிறகு உலக வங்கி வட்டாரங்களில் வேரூன்றியது. இந்தக் கருத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது தையற்கூடத்துக்குப் பொருந்தும் அளவுக்குத் தள்ளுவண்டிக்குப் பொருந்தாது. தள்ளுவண்டிக்காரருக்குப் பதிவு அலுவலகத்தின் வரிசையைவிட, நகரின் நிலத்தை யார் எதற்குப் பயன்படுத்துவது என்ற போட்டிதான் பெரிய தடை.

துனீசியாவின் சிதி பூசிதில் 2010ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, பழ வியாபாரி முகமது புவசீசி தீக்குளித்த சம்பவம் அரபு உலகையே உலுக்கியது. அன்று காலை நகரசபை அதிகாரிகள் அவரிடமிருந்து பறித்தவற்றில் அவரது தராசும் இருந்தது என்பது, பின்னர் எழுதப்பட்ட பெரிய அரசியல் ஆய்வுகளில் ஓரிரு வரிகளோடு கடந்து செல்லப்பட்டது.

சட்டம் இருக்கிறது

இந்தியாவைப் பொறுத்தவரை, சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. நடைபாதையில் வணிகம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு தரும் தொழில் உரிமையில் அடங்கும் என்று சோதன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. மத்திய அரசு 2004இலும் 2009இலும் தேசியக் கொள்கைகளை வெளியிட்டது. கொள்கை போதாது, சட்டம் வேண்டும் என்று 2010ஆம் ஆண்டு கைந்தா ராம் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. அதன்பின்னர்தான் தெருவோர வணிகர்கள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2014 மே முதல் தேதி நடைமுறைக்கு வந்தது.

வளரும் நாடுகளில் இவ்வகைச் சட்டங்களுள் இது முன்னோடியானது என்றே சொல்லவேண்டும். ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைக்கப்பட வேண்டும். அதன் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டினர் வணிகர்களே தேர்ந்தெடுத்தவர்களாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்கவேண்டும். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்தவேண்டும். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பறிமுதல் செய்த பொருள் அழுகக்கூடியதாக இருந்தால், உரிய கட்டணத்தைச் செலுத்தியதும் அன்றைய தினமே திருப்பித் தரவேண்டும். கடைசியாகச் சொன்ன இந்த விதியை எழுதியவருக்கு மாலையில் வாடிப்போகும் கீரைக்கட்டின் விலை தெரிந்திருக்கிறது.

ஆனால் சட்டம் தனது முழு எடையையும் கணக்கெடுப்பின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது. கணக்கெடுப்பு தாமதமானால் சான்றிதழ் தாமதமாகும். விற்பனை மண்டலங்களை வரையறுக்காவிட்டால், சான்றிதழ் இருந்தும் எங்கே நிற்பது என்ற கேள்வி மிஞ்சும். இவற்றைச் செய்யவேண்டியது உள்ளாட்சி அமைப்பு. நடைபாதையைக் காலியாக வைத்திருக்குமாறு கடைக்காரர்கள், வாகன ஓட்டிகள், குடியிருப்போர் சங்கங்கள், சில வேளைகளில் நீதிமன்றங்கள் என்று பல தரப்பும் நெருக்குவதும் அதே அமைப்பைத்தான். தாமதித்தால் தண்டனை இல்லாத இடத்தில் தாமதமே கொள்கையாகிவிடுவது இயல்பு.

இந்தச் சூழலில்தான் கொரோனா வந்தது. ஊரடங்கால் முதலை இழந்த தெருவோர வணிகர்களுக்காக 2020 ஜூன் முதல் தேதி மத்திய அரசு பி.எம். ஸ்வநிதி திட்டத்தைத் தொடங்கியது. முதற்கடன் 10,000 ரூபாய். ஒழுங்காகச் செலுத்தினால் அடுத்து 20,000, அதன்பின் 50,000. வட்டியில் 7 விழுக்காட்டை அரசு ஏற்கும். பிணை தேவையில்லை. 2025 ஆகஸ்டில் இத்திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டு, முதல் இரு தவணைக் கடன்கள் 15,000 ஆகவும் 25,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. அதுவரை 68 லட்சம் பேருக்குச் சுமார் 13,800 கோடி ரூபாய் வழங்கப்பட்டிருந்ததாக அரசு தெரிவித்தது.

சான்றிதழ் இல்லாதவர்களுக்கும் கடன் சென்று சேரவேண்டும் என்பதற்காக, கணக்கெடுப்பில் விடுபட்டோர் உள்ளாட்சி அமைப்பிடம் பரிந்துரைக் கடிதம் பெற்று விண்ணப்பிக்கலாம் என்று இத்திட்டம் அனுமதித்தது. மனிதாபிமான நோக்கில் இது சரியான முடிவே. ஆனால் அதன் விளைவு விசித்திரமானது. இவர் நமது தெருவில் வணிகம் செய்பவர் என்று வங்கிக்கு எழுதிக்கொடுத்த அதே அலுவலகத்தின் வேறொரு பிரிவு, இவர் ஆக்கிரமிப்பாளர் என்று வண்டியை ஏற்றிச் செல்லலாம். கடனாளியாக அரசு அவரை அங்கீகரித்துவிட்டது. வணிகராக அங்கீகரிப்பது நிலுவையில் இருக்கிறது.

தண்டலும் மாமூலும்

குறைந்த வட்டிக் கடனின் அருமையை மறுப்பதற்கில்லை. சென்னையின் சந்தைகளில் வழங்கும் தண்டல் கணக்கைப் பார்த்தால் அது விளங்கும். 10,000 ரூபாய் என்று பேசி, 1,000 ரூபாயை முன்னதாகவே கழித்துக்கொண்டு, 9,000 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாயாக நூறு நாளில் அடைக்கவேண்டும். பத்து விழுக்காடுதானே என்று தோன்றும். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாகக் கையில் இருப்பது 4,500 ரூபாய் அளவுதான். அதற்கு நூறு நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 80 விழுக்காட்டை நெருங்கும். காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 கொடுக்கும் வழக்கமோ வட்டிக் கணக்குக்கே அடங்காதது.

இருந்தும் தண்டல்காரர் மறையவில்லை. வங்கி மாதத் தவணை கேட்கிறது. வணிகரின் வருமானம் நாள் கணக்கில் வருகிறது. மழை நாளில், அல்லது வண்டி பறிபோன நாளில், தவணை தவறாமல் இருக்கத் தண்டல்காரரிடமே போகவேண்டியிருக்கிறது. இடம் பறிபோகும் அபாயம் இருக்கும்வரை மலிவான கடன் தண்டலுக்கு மாற்றாக அமையாமல், தண்டலோடு கூடுதலாக நிற்கிறது.

அடுத்தது மாமூல். நடைபாதை வணிகர் வரி கட்டுவதில்லை என்பது பரவலான குற்றச்சாட்டு. காவல்துறையினருக்கும் உள்ளூர்ப் புள்ளிகளுக்கும் சில இடங்களில் முன்னாலுள்ள கடைக்காரருக்கும் அவர் செலுத்துவது வரியல்லாமல் வேறென்ன? வேறுபாடு, அதற்கு ரசீது கிடையாது என்பதே. ரசீது இல்லாததால், பத்தாண்டு செலுத்தியவரும் அந்த இடத்தில் தான் இருந்ததற்கு ஆதாரம் காட்ட முடிவதில்லை. முறையான கட்டணம் வசூலித்து ரசீது கொடுத்தால் நகராட்சிக்கு வருவாயும் வணிகருக்கு உரிமையும் வரும். இந்த ஏற்பாட்டால் நட்டப்படுவோர் யார் என்று யோசித்தால், சான்றிதழ்கள் தாமதமாவதற்கு நிர்வாகச் சுமை ஒன்றே காரணமா என்ற ஐயம் எழுகிறது.

கணக்குக்குள் வருவதிலும் ஆபத்து இருக்கிறது என்பதைக் கர்நாடகம் 2025 ஜூலையில் காட்டியது. கைபேசி வழிப் பணப் பரிமாற்றங்களை அடிப்படையாகக் கொண்டு மாநில வணிகவரித்துறை சிறுவணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. நோட்டீசுகளை அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறி வியாபாரியிடம் சுமார் 29 லட்சம் ரூபாய் கேட்கப்பட்டதாகச் செய்தி வந்தது. பதப்படுத்தாத காய்கறிக்கு அந்த வரியே கிடையாது. சில நாட்களில் பெங்களூரின் தேநீர்க் கடைகளிலும் தள்ளுவண்டிகளிலும் பணம் செலுத்தும் சங்கேதப் படங்கள் கழற்றப்பட்டு, ரொக்கம் மட்டும் என்ற அட்டைகள் தொங்கின. எதிர்ப்பு வலுத்ததும் அரசு இறங்கிவந்தது. ஆனால் மின்னணு முறைக்கு வாருங்கள், அதுவே உங்கள் கடன் தகுதியாகும் என்று ஐந்தாண்டுகளாகச் சொல்லப்பட்டதை நம்பியவர்களுக்கு அது எளிதில் மறக்கக்கூடியதல்ல.

மெரினாவின் மீன் கடைகள்

ஆக்கிரமிப்பு என்ற சொல்லே எவ்வளவு சிக்கலானது என்பதற்கு மெரினாவின் லூப் சாலை உதாரணம். கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே கடலோரமாகச் செல்லும் இந்தச் சாலையில் மீன் விற்கும் பெண்களின் கடைகள் போக்குவரத்துக்கு இடையூறு என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தாமாகவே வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. நொச்சிக்குப்பம் மீனவர்கள் சாலையை மறித்தனர். அவர்களது வாதம் எளிமையானது: சாலை வருமுன்பே ஊர் இருந்தது. வலை உலர்த்திய மணலின் மேல்தான் சாலை வந்தது. அப்படியானால் ஆக்கிரமித்தது எது?

இறுதியில் அரசு சுமார் 15 கோடி ரூபாயில் 366 கடைகளைக் கொண்ட மீன் அங்காடியை அதே பகுதியில் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. தண்ணீர், கூரை, கழிவுநீர் வசதி என்று பலவற்றில் இது முன்னேற்றமே. வாடிக்கையாளர் வந்து பழகிய இடத்துக்கு அருகிலேயே அமைந்ததுதான் இதன் வலு. பாண்டி பஜார் வணிகர்கள் 2013இல் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டதோடு ஒப்பிட்டால் இது புரியும். நடந்துபோகிறவர் கண்ணில் பட்டு, நின்று, பேரம் பேசி வாங்குவதே தெருவோர வணிகத்தின் உயிர். 50 ரூபாய்ப் பொருளுக்காக மாடிப்படி ஏறி வருவோர் அரிது. இடம் என்பது சதுர அடி மட்டுமன்று. அந்த இடத்தைக் கடந்து செல்லும் மக்கள் கூட்டமும் அதில் அடக்கம் என்பதை நகரத் திட்டமிடுவோர் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

வன்னியில் வந்த கிழமைக் கடன்

இலங்கையின் வடக்கில் இதே கதை வேறு வடிவத்தில் நடந்தது. இங்கே இடம் இருந்தது, சந்தை இருக்கவில்லை.

2009 மே மாதம் போர் முடிந்தபின் ஏ9 வீதி திறந்தது. அதனூடே நிதி நிறுவனங்களும் லீசிங் கம்பனிகளும் வடக்கே வந்தன. வடக்கிலும் கிழக்கிலும் சுமார் 89,000 பெண்கள் போரால் கணவரை இழந்தவர்கள் என்று 2010இல் அரசாங்கத் தரப்பிலிருந்து தெரிவிக்கப்பட்டது. மீள்குடியேறிய அவர்களிடம் தொழிலும் இல்லை, முதலும் இல்லை. ஐந்து பெண்கள் சேர்ந்து ஒருவருக்கொருவர் பிணை நின்றால் கடன் என்ற பங்களாதேஷ் மாதிரியில் நுண்கடன் வீட்டு வாசலுக்கே வந்தது. கோழி வளர்ப்பு, இடியப்பம் அவித்தல், தையல், சிறு பெட்டிக்கடை என்று நோக்கங்கள் எழுதப்பட்டன.

ஒரே கிராமத்தில் பத்துப் பேர் இடியப்பம் அவித்தால் வாங்குவது யார் என்று கடன் கொடுத்த எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. தென்னிலங்கையிலிருந்து லொறிகளில் பொருட்கள் மலிவாக வந்து இறங்கிய காலமும் அதுவே. வருமானம் வராதபோது ஒரு நிறுவனத்தின் கிழமைத் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்திடம் கடன் வாங்கப்பட்டது. குழுப்பிணை என்பதால் ஒருத்தி தவறினால் மற்ற நால்வர் கட்டவேண்டும். அயலுறவே வசூலிக்கும் கருவியாக மாறியது. வெளிநாட்டில் உறவினர் இருந்த குடும்பங்கள் ஓரளவு தப்பின. சிட்னியிலோ டொரொன்டோவிலோ எவரும் இல்லாத வீடுகளே ஆழமாகச் சிக்கின.

2018 செப்டம்பரில் இலங்கை சென்ற ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் ஆண்டு வட்டி 220 விழுக்காடு வரை சென்றதாகவும், வசூலிக்க வருவோரால் பெண்கள் பாலியல் தொந்தரவு உட்படப் பல வன்முறைகளை எதிர்கொண்டதாகவும் பதிவு செய்தார். அதே ஆண்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு லட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 விழுக்காடு உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. 2016இன் நுண்நிதிச் சட்டம் வைப்புகளைப் பெறும் நிறுவனங்களைத்தான் முதன்மையாகக் கட்டுப்படுத்தியது. வைப்புகளைப் பெறாமல் கடன் மட்டும் கொடுத்தவர்கள் அதன் கண்ணிகளுக்கு வெளியே நின்றனர். 2021இல் பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குரக்கொடையில் சிங்களப் பெண்கள் வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தபோது, இது வடக்கின் போர்க்கால எச்சம் மட்டுமல்ல என்பது கொழும்புக்கும் உறைத்தது. 2022இன் பொருளாதாரச் சரிவில் பணவீக்கம் 70 விழுக்காட்டைத் தொட்டது. எரிவாயுவும் மாவும் கிடைக்காத மாதங்களில் உணவு விற்ற பெண்களின் தொழில் நின்றது, தவணை நிற்கவில்லை.

தாளின் வலுவும் எல்லையும்

மெரிலேண்ட்ஸ் வீதியில் ஆப்கன், லெபனான், தெற்காசியக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. இவற்றை நடத்துவோரில் பலர், பிறந்த நாட்டில் இருந்திருந்தால் முறைசாரா வணிகர்களாகவே இருந்திருப்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஏ.பி.என். எனப்படும் வணிக எண்ணைக் கட்டணமின்றி இணையத்தில் பெறலாம். ஆண்டு விற்பனை 75,000 டாலரை எட்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. கடை வாடகை ஒப்பந்தங்களுக்கு நியூ சவுத் வேல்ஸில் 1994ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. வாடகை கடுமையானது, நகரசபைப் பரிசோதகர்கள் கண்டிப்பானவர்கள் என்ற முறைப்பாடுகள் இங்கும் உண்டு. ஆயினும் விதியை மீறினால் என்ன அபராதம் என்பது முன்கூட்டியே தெரியும். யாரிடம் மேன்முறையீடு செய்வது என்பதும் தெரியும்.

இதை வைத்து எண் ஒன்று கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டுவதும் தவறு. சிட்னியில் உணவுப் பொதிகளை மிதிவண்டியில் கொண்டு செல்லும் புதிய குடியேறிகளிடமும் அதே ஏ.பி.என். இருக்கிறது. தாளில் அவர்கள் வணிக உரிமையாளர்கள். அந்தத் தாளின் காரணமாகவே குறைந்தபட்ச ஊதியம், விடுப்பு போன்ற தொழிலாளர் உரிமைகள் அவர்களுக்கு நீண்டகாலம் மறுக்கப்பட்டன. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம்தான் இவர்களுக்குக் குறைந்தபட்சத் தரங்களை நிர்ணயிக்கும் அதிகாரத்தைத் தொழில் ஆணையத்துக்கு அளித்தது. பதிவு என்பது எந்த உரிமையோடு சேர்த்து வழங்கப்படுகிறது என்பதே இங்கும் கேள்வி.

இந்தியச் சட்டத்தில் இதற்கான வாய்ப்பு ஏற்கனவே உள்ளது. 2014ஆம் ஆண்டுச் சட்டம், தெருவோர வணிகர்களுக்கான திட்டத்தை வகுக்கும் பொறுப்பை மாநில அரசுகளிடம் விட்டிருக்கிறது. கடனுக்காகப் பரிந்துரைக் கடிதம் வழங்கிய மாநகராட்சி, அந்தக் கடிதத்தைத் தற்காலிக விற்பனைச் சான்றிதழாகக் கருதவேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரையில், அல்லது குறைந்தது அந்தக் கடன் அடையும்வரையில், மாற்று இடம் காட்டாமல் அந்த வண்டியை அகற்றக் கூடாது என்று ஒரு விதியைச் சேர்க்க நாடாளுமன்றம் கூடவேண்டியதில்லை. சென்னையிலுள்ள தலைமைச் செயலகத்திலிருந்து ஓர் அரசாணை போதும்.